ஆறு தலை சுறா எப்படிங்க ஓடுது? மொக்க மிருகப் படங்களுக்குப் பின்னாடி இருக்குற கணக்கு

ரெண்டு தலை சுறா 2012-ல வந்துச்சு. மூணு தலை 2015. அஞ்சு தலை 2017. ஆறு தலை 2018. நடுவுல நாலு தலைய காணோம், அத யாரும் தேடுனதா தெரியல. இதெல்லாம் மீம் இல்லீங்க, அசைலம்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி நிஜமாவே எடுத்து வித்த படங்க. பத்து தலை ராவணன், ஆயிரம் தலை ஆதிசேஷன்னு கேட்டு வளர்ந்த ஊருக்கு ஆறு தலை ஒண்ணும் பெரிய நம்பர் இல்லதான். ஆனா பெரிய ஹீரோ படத்துல ஒரு ஃபைட்ல லாஜிக் இடிச்சாலே ஒரு வாரம் திட்டுற அதே ஆளு, ராத்திரி ஒரு மணிக்கு முழிச்சிருந்து ராட்சசப் பாம்பு ஹெலிகாப்டர கடிக்கிற டப்பிங் படத்த கடைசி வரைக்கும் பாக்குறான், பாத்துட்டு ஃபிரண்ட்ஸ் குரூப்ல லிங்க்கும் போடுறான்.

கேட்டா "மூளைய கழட்டி வச்சிட்டு பாக்கலாம் மச்சான்"னு பதில் வரும். எனக்கென்னவோ அந்த பதில் தப்புன்னு தோணுது. இந்தப் படத்த பாக்கும்போது மூளை ரெஸ்ட் எடுக்குறதே இல்ல, சாதாரணப் படத்த விட அதிகமாவே வேலை பாக்குது. எப்படின்னு அடியில இருந்து பாப்போம்.

முதல்ல சில வார்த்தைங்க

1. கிரியேச்சர் படம்: வில்லன் மனுஷனும் இல்ல பேயும் இல்ல, உடம்பு இருக்குற ஒரு உயிரினம். பாம்பு, சுறா, முதலை, எறும்பு, சிலந்தி, இல்ல ரெண்ட ஒட்ட வச்ச ஏதோ ஒண்ணு. பேய்க்கு சாபம், பழைய கணக்குன்னு ஒரு காரணம் இருக்கும், எலுமிச்சம்பழம் வச்சு பேசியாவது பாக்கலாம். மிருகத்துக்கிட்ட பேச்சே கிடையாது, அதுக்கு பசி, அவ்வளவுதான்.

2. பி-மூவி: 1930-கள்ல அமெரிக்க தியேட்டர்ல ஒரே டிக்கெட்டுக்கு ரெண்டு படம் போடுவாங்க. பெரிய படத்துக்கு வசூல்ல பங்கு, கூட ஓடுற சின்ன படத்துக்கு ஃபிக்ஸடா ஒரு வாடகை. வருமானம் இவ்வளவுதான்னு முன்னாடியே தெரிஞ்சதால செலவையும் அதுக்குள்ள அடக்கியாகணும். அதுதான் பி. அப்புறம் வந்தவங்க அந்தப் பேர எல்லா மலிவுப் படத்துக்கும் ஒட்டிட்டாங்க.

3. மாக்பஸ்டர்: பெரிய படம் வர்ற நேரத்துல கிட்டத்தட்ட அதே பேர்ல ஒரு சின்ன படத்த இறக்கி விடுறது. 2006-ல விமானத்துல பாம்புங்கன்னு ஒரு ஹாலிவுட் படம் வந்தப்ப, ரயில்ல பாம்புங்கன்னு ஒண்ண அதே அசைலம் கம்பெனி எடுத்துச்சு. ரிச்சி தெருவுல பெரிய பிராண்டு பேர்ல ஒரு எழுத்த மாத்தி சார்ஜர் விக்கிற அதே டெக்னிக்.

4. மிருகத்த திரையில கொண்டு வர்ற வழிங்க: பொம்மைய ஒவ்வொரு ஃபிரேமா நகத்தி எடுக்குற ஸ்டாப் மோஷன், ஆளுக்கு சூட் மாட்டி விடுறது, உள்ள மோட்டாரும் பைப்பும் வச்ச அனிமேட்ரானிக்ஸ் பொம்மை, அப்புறம் கம்ப்யூட்டர்ல செய்யிற சிஜி. இந்த நாலுல எதுன்னு தெரிஞ்சா சிரிப்பு எங்க இருந்து வருதுன்னு பாதி புரிஞ்சிடும்.

தொல்காப்பியத்துல இதுக்கு ஒரு வரி இருக்கு

சினிமா வர்றதுக்கு ரொம்ப ரொம்ப முன்னாடியே தொல்காப்பியம் மெய்ப்பாடு, அதாவது உடம்புல தெரியிற உணர்ச்சி, எட்டுன்னு பிரிச்சு, ஒவ்வொண்ணும் எதுனால வருதுன்னு நாலு நாலா பட்டியல் போட்டு வச்சிருக்கு. ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணிட்டு மறந்திருப்போம். அச்சத்துக்கு நாலு காரணம்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அதாவது பேய் மாதிரியான சக்தி, மிருகம், திருடன், மேல இருக்குற அதிகாரம். இன்னைக்கு எந்த ஓடிடி ஆப்பையும் திறந்து திகில் பக்கத்துல பாருங்க, இந்த நாலுக்குள்ளதான் சுத்திட்டு இருக்கும். நம்ம படங்க ரெண்டாவது நம்பர்.

ஆனா அச்சம் மட்டும் இருந்தா அது புலி வந்த நியூஸ், படம் இல்ல. அதுக்கு மேல மருட்கை, அதாவது வியப்பு, ஏறணும். அதுக்கு காரணம் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இதுவரைக்கும் பாக்காதது, அளவுக்கு மீறி பெருசு, அளவுக்கு மீறி சிறுசு, ஒண்ணு இன்னொண்ணா ஆகுறது. ராட்சச எறும்பு பெருமைல வந்துடும். 2012-ல வந்த நான் ஈ சிறுமைக்கு சரியான உதாரணம். சுறாவும் ஆக்டோபஸும் கலந்து 2010-ல ஒரு படம் வந்துச்சே, அது ஆக்கம். சிங்க உடம்புல தும்பிக்கைய வச்சு கோயில் தூண்ல யாளி செதுக்குன ஊர்க்காரங்களுக்கு இந்தக் கலப்பு ஒண்ணும் புதுசில்ல, ஆனா யாளி தூண விட்டு இறங்கி ஓடி வராது.

மூணாவது நகை. எள்ளல், இளமை, பேதைமை, மடன்னு காரணம் சொல்றாங்க. எள்ளல்னா நம்ம அடுத்தவங்கள கேலி பண்றது. பேதைமைன்னா தெரியாத்தனம். "அந்த குகைக்குள்ள மட்டும் போகாதடா"ன்னு நம்ம கத்தக் கத்த ஒருத்தன் டார்ச் லைட்டோட உள்ள போறான் பாருங்க, அந்த பேதைமை. அத பாத்து நம்ம பண்றது எள்ளல்.

ஆக பயம், வியப்பு, சிரிப்பு மூணும் ஒரே சீன்ல வருது. சீரியஸான பேய்ப்படம் சிரிப்ப வெளிய நிறுத்தும், காமெடிப் படம் பயத்த வெளிய நிறுத்தும், இந்த மொக்கப் படம் மட்டும் யாரையும் வெளிய நிறுத்தாது.

உடம்புக்குள்ள என்ன நடக்குது

பெசன்ட் நகர் பீச்சுல மிளகாய் பஜ்ஜி சாப்பிடுறவங்கள பாருங்க. கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி, "ஸ்ஸ்ஸ்"னு சத்தம், ஆனா கை அடுத்த பஜ்ஜிக்கு போயிட்டே இருக்கும். மிளகாய்ல இருக்குற கேப்சைசின் வாயில சூடு தெரியிற நரம்பயே தூண்டி விடுது, வாய் சுட்டுடுச்சுன்னு மூளைக்கு சிக்னல் போகுது. ஆனா நிஜமா எதுவும் சுடல. பால் ரோசின்னு ஒரு அமெரிக்க மனோதத்துவ ஆய்வாளர் இந்த மிளகாய் விஷயத்த வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணி, ஆபத்தில்லாத வலிய ரசிக்கிறதுன்னு ஒரு கருத்து சொன்னாரு. உடம்பு அலறுது, ஆனா ஒண்ணும் ஆகாதுன்னு மூளைக்குத் தெரியும், அந்த இடைவெளிதான் சுகம். ரோலர் கோஸ்டர், சோகப் பாட்டு, பேய்ப்படம் எல்லாத்துக்கும் இது பொருந்தும்.

சிரிப்புக்கும் இதே மாதிரி ஒரு விளக்கம் இருக்கு. 2010-ல பீட்டர் மெக்ரா, கேலப் வாரன்னு ரெண்டு ஆய்வாளருங்க சொன்னது: ஏதோ ஒரு ஒழுங்கு மீறப்படணும், அதே நேரத்துல அந்த மீறல் ஆபத்தில்லாததா தெரியணும், ரெண்டும் ஒரே நொடில நடந்தா சிரிப்பு வரும். கிச்சுக்கிச்சு மூட்டுறது மாதிரி. தெரிஞ்சவங்க மூட்டுனா சிரிப்போம், தெரியாதவன் மூட்டுனா அடிப்போம்.

இப்ப ரெண்டையும் சேத்துப் பாருங்க. பயத்த ரசிக்கவும் "இது பொய்"ங்கற நிச்சயம் வேணும், சிரிக்கவும் அதே நிச்சயம் வேணும். நல்லா எடுத்த படத்துல அந்த நிச்சயத்த நம்மதான் உள்ள இருந்து உருவாக்கணும், "படம்தான், படம்தான்"னு மனசுக்குள்ள சொல்லிக்கணும், ஒருசிலருக்கு அது முடியாது, அதனாலதான் அவங்க பேய்ப்படம் பக்கமே வர்றதில்ல. மொக்கப் படத்துல அந்த நிச்சயத்த படமே கொடுத்துடுது. பாம்போட தையல் தெரியுது. ரப்பர் தெரியுது. 1997-ல வந்த அனகோண்டா படத்துல ஒரு ஷாட்ட ரிவர்ஸ்ல ஓட்டிட்டாங்க, பின்னாடி அருவித் தண்ணி கீழ இருந்து மேல போகும், தேடிப் பாருங்க. அந்த மாதிரி ஒரு தப்பு கண்ணுல பட்டதும் உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வருது. அதுக்கப்புறம் பாம்பு பாஞ்சா உடம்பு தூக்கிப் போடும், போட்ட அடுத்த நொடியே சிரிப்பு வரும்.

படம் மொக்கையா இருந்தும் நம்ம பாக்குறோம்னு எல்லாரும் சொல்றாங்க. அந்த மொக்கைத்தனம்தான் இங்க பாதுகாப்பு பெல்ட்டா வேலை செய்யுதுங்கறதுதான் என்னோட வாதம்.

பெருசாக்குனா ஏன் சிரிப்பு வருது: சதுர-கன விதி

இது கொஞ்சம் கணக்கு, ஆனா இத தாண்டிட்டு போனா மேட்டரே புரியாது.

1. ஒரு எறும்ப எல்லாப் பக்கமும் பத்து மடங்கு பெருசாக்குங்க. நீளம் 10 மடங்கு. காலோட குறுக்குவெட்டுப் பரப்பு 10 பெருக்கல் 10, அதாவது 100 மடங்கு. ஆனா எடை 10 பெருக்கல் 10 பெருக்கல் 10, 1000 மடங்கு.

2. எடைய தாங்குற பலம் குறுக்குவெட்டப் பொறுத்தது. 1000 மடங்கு எடைய 100 மடங்கு பலம்தான் தாங்கணும். அப்படின்னா ஒவ்வொரு காலும் முன்ன விட பத்து மடங்கு கஷ்டப்படும். லாரி சைஸுக்கு கொண்டு போனா எறும்பு நடக்காது, அப்படியே நொறுங்கி உக்காந்துடும்.

3. மூச்சும் பிரச்சனை. பூச்சிக்கு நம்மள மாதிரி நுரையீரல் கிடையாது, உடம்போட பக்கவாட்டுல இருக்குற ஓட்டை வழியா காத்து சின்னச் சின்ன குழாய்ல உள்ள போகும். உடம்பு பெருசானா அந்த வழில ஆக்சிஜன் உள்ள வரைக்கும் போய்ச் சேராது.

கலிலியோ 1638-லயே இதோட அடிப்படைய எழுதிட்டாரு. 1926-ல ஜே.பி.எஸ். ஹால்டேன்னு ஒரு பிரிட்டிஷ் உயிரியல் விஞ்ஞானி இதையே ஒரு கட்டுரையா, படிக்கிறவங்க மறக்காத மாதிரி எழுதுனாரு. இந்த ஹால்டேன் பின்னாடி இந்தியாவுக்கே வந்து, குடியுரிமை வாங்கி, 1964-ல புவனேஸ்வர்ல இறந்தாருங்கறது தனிக்கதை.

சரி, எறும்புப் படம் பாக்குறவன் யாராவது கலிலியோவ நினைச்சுட்டா சிரிக்கிறான்? இல்ல. ஆனா கண்ணுக்கு இந்தக் கணக்கு தெரியும். யானை எப்படி கால் வைக்கும், எலி எப்படி ஓடும்னு பொறந்ததுல இருந்து பாத்துட்டு இருக்கோம். பெரிய உடம்பு மெதுவாத்தான் நகரும்னு கண்ணு பழகியிருக்கு. மலிவு சிஜில முப்பதடி பாம்பு பல்லி மாதிரி விருட்டுனு திரும்புறப்ப "எடையே இல்ல"ன்னு தோணுது பாருங்க, அது இதுதான்.

பழைய ஜப்பான்காரங்களுக்கு இது நல்லா தெரியும். 1954-ல வந்த காட்ஸில்லா படத்துல மிருகம் 50 மீட்டர், ஆனா உள்ள இருந்தது நூறு கிலோ கிட்ட கனக்குற சூட்ட மாட்டுன ஒரு மனுஷன், சுத்தி மினியேச்சர் டோக்கியோ. கேமராவ அதிக வேகத்துல ஓட்டி எடுத்து, சாதாரண வேகத்துல போட்டா இடியிற கட்டடம் மெதுவா விழும், மெதுவா விழுந்தா பெருசா தெரியும். இதுக்கு ஒரு ஃபார்முலாவே உண்டு: மினியேச்சர் 25-ல ஒரு பங்கு சைஸ்னா, 25-ஓட வர்க்கமூலம் 5, அஞ்சு மடங்கு வேகத்துல எடுக்கணும். அதே 1954-ல மார்ச் மாசம் பிகினி தீவுல அமெரிக்கா போட்ட ஹைட்ரஜன் குண்டோட கதிர்வீச்சு ஒரு ஜப்பான் மீன்பிடிப் படகு மேல விழுந்து ஊரே கொதிச்சுட்டு இருந்துச்சு, நவம்பர்ல இந்தப் படம் வந்துச்சு. ஜப்பான்ல நிறைய பேரு அத சில்லித்தனமா பாக்கல. சூட் தெரிஞ்சும் பாக்கல.

தண்ணிக்குள்ள மட்டும் இந்த விதி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ஏன்னா எடைய தண்ணி தாங்கிக்கும். நீலத் திமிங்கலம் 30 மீட்டர் வரைக்கும் வளருது. அதனாலதான் சுறாப் படத்துல முதல் பாதி நம்புற மாதிரியே இருக்கும், சுறா பறக்க ஆரம்பிச்ச பிறகுதான் நம்ம படுத்துப் படுத்து சிரிக்கிறோம். பாம்பும் கால் இல்லாததால ஓரளவு தப்பிச்சிடுது. கொலம்பியால கிடைச்ச டைட்டனோபோவா எலும்ப வச்சு அது 13 மீட்டர் கிட்ட இருந்திருக்கும்னு 2009-ல சொன்னாங்க. நம்ம குஜராத் கட்ச்ல ஒரு நிலக்கரிச் சுரங்கத்துல கிடைச்ச பாம்பு எலும்புக்கு 2024-ல ரூர்க்கி ஐஐடி ஆளுங்க வாசுகின்னே பேர் வச்சாங்க, 4.7 கோடி வருஷம் பழசு, 11-ல இருந்து 15 மீட்டர் வரைக்கும் இருக்கலாம்னு கணிப்பு. ஆக பெரிய பாம்புங்கற ஐடியா பொய் இல்ல. அது ஹெலிகாப்டர துரத்தும்ங்கறதுதான் பொய்.

கெட்டுப்போன மெஷின் கத்துக்கொடுத்த பாடம்

1975-ல வந்த ஜாஸ் படத்த எடுக்கும்போது ஸ்பீல்பெர்க் டீம் மெக்கானிக்கல் சுறா செஞ்சாங்க. ஷூட்டிங்குக்காக கடல்ல இறக்கினதும் உப்புத் தண்ணில அடிக்கடி மக்கர் பண்ணுச்சு. சுறா இல்லாம சுறாப் படம் எடுக்கணும். அதனால சுறாவோட பார்வைல கேமரா, தண்ணில நகருற மஞ்சள் பீப்பா, ரெண்டே ரெண்டு சுரத்துல அந்த இசை. முழுசா சுறா தலை காட்டுறது ஒரு மணி நேரம் தாண்டித்தான். படம் உலகம் பூரா ஓடுச்சு.

இதுல இருந்து நல்ல டைரக்டருங்க "காட்டாம விட்டா பயம் அதிகமாகும்"னு கத்துக்கிட்டாங்க. மலிவுப் படத் தயாரிப்பாளருங்க வேற ஒண்ணு கத்துக்கிட்டாங்க: காட்டாம விட்டா செலவு மிச்சம். அங்க இருந்து ஆரம்பிச்சது இந்தக் காசுக் கணக்கு:

1. சுறாவுக்கு சம்பளம் இல்ல. கால்ஷீட் பிரச்சனை இல்ல. சுறாங்கற ஐடியாவுக்கு யாருக்கும் ராயல்டி கொடுக்க வேணாம், எவன் வேணா எடுக்கலாம்.

2. பேரும் போஸ்டரும் முதல்ல, கதை அப்புறம். 1950-கள்லயே அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் இப்படித்தான் வேலை பாத்துச்சு. பேர கேட்டதும் படம் கண்ணு முன்னாடி வரணும். "ஆறு தலை சுறா"ன்னா கதைச் சுருக்கம் தேவையா?

3. டப்பிங் சுலபம். தண்ணிக்குள்ள இருக்குறவனுக்கு லிப் சிங்க் வேணாம். அலறலுக்கு மொழிபெயர்ப்பு வேணாம். உலகம் பூரா விக்கலாம்.

4. சேனலுக்கும் ஓடிடிக்கும் எப்பவும் நேரத்த நிரப்ப சரக்கு வேணும். அமெரிக்கால சைஃபை சேனல் வருஷக்கணக்கா இத வாங்குச்சு. இப்ப சீனாவுல ஆன்லைன்ல மட்டும் ரிலீஸ் பண்றதுக்குன்னே பாம்பு, சிலந்தி, முதலைன்னு வரிசையா எடுக்குறாங்க. நம்ம யூடியூப்ல தமிழ் டப்பிங்ல வந்து நிக்கிறதுல ஒரு பெரிய பங்கு அதுதான்.

5. புதுசா வர்ற டைரக்டருக்கு இது பயிற்சிக்கூடம். பிரானா மீன் படத்தோட ரெண்டாம் பாகத்துலதான் ஜேம்ஸ் கேமரூன் பேரு முதல்முதலா டைரக்டர்னு வந்துச்சு. பறக்குற மீன். அதே ஆளுதான் பின்னாடி டைட்டானிக்.

சிஜி ஏன் மொக்கையா தெரியுதுன்னும் இங்கயே சொல்லிடலாம். எடை ஏற்கனவே பாத்தாச்சு. அடுத்தது மிருகம் தரைய தொடுற இடத்துல விழ வேண்டிய நிழல், அது இல்லன்னா மிதக்குற மாதிரி தெரியும். மூணாவது தண்ணி. சுறா வெளிய வர்றப்ப சிதறுற தண்ணிய கணக்குப் போட்டு உருவாக்குறது ரொம்ப செலவு, அதனால தண்ணி ஒரு பக்கம் சும்மா இருக்கும், சுறா ஒரு பக்கம் பாயும். நாலாவது நடிகர் பார்வை: ஒருத்தர் மேல பாத்து கத்துவாரு, பக்கத்துல இருக்குறவரு இடது பக்கம் பாத்து கத்துவாரு, ஏன்னா ஷூட்டிங்ல அங்க ஒண்ணுமே இல்ல.

நம்ம ஊரு பக்கம்

இதெல்லாம் வெள்ளக்காரன் டேஸ்ட், நமக்கு புதுசுன்னு நினைக்க வேணாம். லாஜிக் இல்லாத மாயத்துக்கு "விட்டலாச்சார்யா படம் மாதிரி"ன்னு இன்னைக்கும் சொல்றோமே, அந்த பி. விட்டலாச்சார்யாவோட தெலுங்குப் படங்க தமிழ்ல டப் ஆகி ஊர் ஊரா ஓடுச்சு. 1978-ல வந்த ஜகன்மோகினில பேய் தன் காலயே அடுப்புல விறகா வச்சு சமைக்கும். பாத்தவங்க யாரும் மறக்கல. பயந்தாங்களா சிரிச்சாங்களான்னு கேட்டா அவங்களுக்கே தெரியாது. தேவர் பிலிம்ஸ்ல யானை, ஆடு, பாம்புன்னு மிருகம்தான் கூட்டம் சேத்துச்சு. ராம நாராயணன் படத்துல பாம்பு, குரங்கு, யானை எல்லாம் அம்மனுக்கு ஸ்டாஃப் மாதிரி.

ஒரு பெரிய வித்தியாசம் கவனிங்க. நம்ம படத்துல மிருகம் பெரும்பாலும் நம்ம பக்கம். பாம்பு கடிச்சா வில்லனத்தான் கடிக்கும். ஹாலிவுட் பாம்புக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. டப்பிங்ல அத பாத்தப்ப அதுதான் நமக்கு புதுமை, தொல்காப்பியக் கணக்குல மருட்கைல முதல் நம்பர்.

அப்புறம் டப்பிங். அமேசான் காட்டுல மாட்டிக்கிட்ட அமெரிக்க விஞ்ஞானி "டேய் ஓடுடா, அது மூஞ்சியே சரியில்ல"ன்னு வடசென்னை பாஷைல கத்துறாரு. அந்த ஒரு வரில பயப் படம் பாதி காமெடியா மாறிடுது, ஆனா பாம்பு இன்னும் துரத்திட்டுதான் இருக்கு. ஒரிஜினல்ல இல்லாத ஒரு தையல டப்பிங் எழுதுறவங்க போட்டு விடுறாங்க. என்னைக் கேட்டா சில மொக்கப் படங்க ஒரிஜினல விட தமிழ்ல நல்லா இருக்குறதுக்கு இதான் காரணம். இப்ப யூடியூப்ல கதை சொல்றவங்க "நம்ம ஹீரோ இப்ப என்ன பண்றாருன்னா"ன்னு பதினஞ்சு நிமிஷத்துல முடிச்சு விடுறாங்க, அது டப்பிங்கோட அடுத்த கட்டம்.

நிஜ மிருகம் ஏன் நம்ம படத்துல குறைஞ்சுதுன்னு கேக்குறவங்களுக்கு: 2001 விதிகள்படி படத்துல மிருகத்த பயன்படுத்தணும்னா பதிவு பண்ணி விலங்குகள் நல வாரியத்துக்கிட்ட போகணும். அந்த வாரியத்தோட தலைமை அலுவலகம் 2018 வரைக்கும் நம்ம திருவான்மியூர்லதான் இருந்துச்சு, அப்புறம் ஹரியானா பக்கம் போயிடுச்சு. புலி, சிங்கம், கரடி, குரங்க வித்தை காட்ட பழக்குறதுக்கே தடை இருக்கு. அதனாலதான் இப்ப வர்ற தமிழ்ப் படத்துல பல்லி கூட சிஜி. மிருகத்துக்கு நல்லது, கண்ணுக்குத்தான் கொஞ்சம் கஷ்டம்.

எல்லா மொக்கையும் ஓடாது

இங்கதான் நிறைய பேரு தப்பா புரிஞ்சுக்கிறாங்க. மொக்கையா எடுத்தா போதும், ஓடிடும்னு. கிடையாது.

1. எடுத்தவன் நம்பணும். 2010-ல பேர்டெமிக்னு ஒரு படம் வந்துச்சு, 10,000 டாலருக்கும் கம்மியான செலவு, பறவைங்க ஸ்டிக்கர் ஒட்டுன மாதிரி காத்துல நின்னு இறக்கைய ஆட்டும். ஆனா டைரக்டர் புவி வெப்பமாதல் பத்தி நிஜமான அக்கறையோட எடுத்திருக்காரு. அந்த சீரியஸ்தான் படத்த காப்பாத்துது. தெரியாம வர்ற அபத்தம் வேற, தெரிஞ்சே பண்ற அபத்தம் வேறன்னு அமெரிக்க எழுத்தாளர் சூசன் சோன்டாக் 1964-லயே எழுதியிருக்காங்க, தெரியாம வர்றதுதான் சுத்தமான சரக்குன்னு. தையல மறைக்க ஒருத்தன் பாடுபட்டு, அது நமக்குத் தெரிஞ்சாத்தான் எள்ளல் நம்ம கைல இருக்கும். அவனே "பாருங்க எவ்வளவு கேவலமா இருக்கு"ன்னு காட்டி கண்ணடிச்சா நமக்கு செய்ய வேலை இல்ல. தொடர்ந்து பாகம் பாகமா வர்ற படங்க போகப் போக போரடிக்கிறது இதனாலதான்.

2. மிருகத்துக்கு ஒரு ரூல் இருக்கணும். 1990-ல வந்த ட்ரெமர்ஸ் படத்துல மண்ணுக்கடில இருக்குற புழுவுக்கு கண்ணு கிடையாது, அதிர்வ வச்சுதான் வரும். அந்த ஒரு ரூல வச்சே மொத்தப் படமும் ஒரு விளையாட்டா மாறுது: பாறை மேல நின்னா சேஃப், மண்ணுல கால் வச்சா அவுட்டு. தெருவுல கல்லா மண்ணா விளையாடுன எல்லாருக்கும் இது புரியும். கதை அபத்தமா இருக்கலாம், ரூல் மட்டும் பாதில மாறவே கூடாது.

3. கூட்டம் வேணும். 2013 ஜூலைல ஷார்க்னேடோங்கற சுறாச் சூறாவளிப் படம் அமெரிக்க டிவில முதல்தடவ வந்தப்ப பாத்தது 14 லட்சம் பேர் கிட்டதான், பெரிய நம்பர் இல்ல. ஆனா அன்னைக்கு ராத்திரி ட்விட்டர் பூரா அதே பேச்சு. மறுஒளிபரப்புல ஆள் ஏறிட்டே போச்சு, மூணாவது தடவ 20 லட்சத்த தாண்டுச்சு. படம் மாறல, பேச்சு சேந்துச்சு. தனியா பாத்தா இது வெறும் மொக்க. நாலு பேரோட பாத்தா ஆளாளுக்கு ஒரு கமென்ட், யாரு அடுத்து சாவாங்கன்னு பந்தயம், "நான் சொன்னேன்ல"ங்கற பெருமை. மவுண்ட் ரோடு தியேட்டர்ல பின் சீட்டுல இருந்து ஒருத்தர் விடுற கமென்ட்டுக்கு படத்துல இருக்குற வசனத்த விட அதிகமா சிரிப்பு விழும்ல, அதுவும் டிக்கெட்டுக்குள்ள அடக்கம்தான்.

4. சாகுறவங்க ரொம்ப நல்லவங்களா இருக்கக் கூடாது. முதல் பத்து நிமிஷத்துல ஒரு குழந்தைய, ஒரு நாய கடிச்சிட்டா பாதுகாப்பு பெல்ட்டு அறுந்துடும், அப்புறம் எவ்வளவு ரப்பர் தெரிஞ்சாலும் சிரிப்பு வராது.

மூளை எங்க அதிகமா வேலை பாக்குதுன்னு இப்ப தெரியுதா. தப்ப கண்டுபிடிக்குது, ரூல ஞாபகம் வைக்குது, அடுத்த சாவ கணிக்குது, கமென்ட் யோசிக்குது, நடுவுல பயந்தும் போகுது.

நிஜத்துல இதோட விளைவு

ஜாஸ் நாவல எழுதுன பீட்டர் பெஞ்ச்லி பின்னாடி சுறாவ காப்பாத்த சொல்லி வருஷக்கணக்கா பேசிட்டு இருந்தாரு. உலகம் பூரா வருஷத்துக்கு சுறா கடிச்சு சாகுறவங்க பத்து பேர் அளவுலதான். ஆனா 1970-ல இருந்து நடுக்கடல்ல வாழுற சுறா, திருக்கை எண்ணிக்கை 71 சதவீதம் குறைஞ்சிருக்குன்னு 2021-ல ஒரு ஆய்வு சொல்லுச்சு. காரணம் சினிமா இல்ல, அளவுக்கு மீறுன மீன்பிடி. ஆனா பயப்படுற மிருகத்துக்காக யாரும் சீக்கிரம் கொடி பிடிக்க மாட்டாங்கறதும் உண்மை.

பாம்பு விஷயத்துல கணக்கு தலைகீழ். இந்தியால பாம்புக் கடில வருஷத்துக்கு சராசரியா 58,000 பேர் சாகுறாங்கன்னு 2000-ல இருந்து 2019 வரைக்கும் உள்ள மரணங்கள வச்சு மதிப்பிட்டிருக்காங்க. கடிக்கிறது பெரும்பாலும் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இதுல சுருட்டை விரியன் பெரும்பாலும் ரெண்டு அடிக்குள்ளதான் இருக்கும், எந்தப் படத்துலயும் அதுக்கு வில்லன் ரோல் கிடைக்காது. அதுங்களோட விஷத்த எடுத்து மருந்துக்கு அனுப்புற இருளர் கூட்டுறவு சங்கம் ஈசிஆர்ல வடநெம்மேலிலதான் இருக்கு. படத்துல பயம் சைஸப் பொறுத்தது, வயல்ல அப்படி இல்ல.

அதே வடநெம்மேலில முதலைப் பண்ணை இருக்குல்ல, அங்க 16 அடிக்கு மேல நீளமான ஒரு உவர்நீர் முதலை உண்டு, பேரு ஜாஸ் 3. முதலைக்கு உடம்புச் சூடு வெளிய இருந்து வரணும், அதனால மணிக்கணக்கா அசையாது, சூட்ட சரிபண்ண வாயத் திறந்து வச்சு அப்படியே கிடக்கும், ஒரு இமை கூட ஆடாது. அந்த மாதிரி கிடக்குற முதலைங்க முன்னாடி ஞாயித்துக்கிழமை கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. எப்படியும் யாராவது ஒரு குழந்தை அப்பா சட்டைய இழுத்து கேக்கும்: "அப்பா, இது பொம்மையா?"